துறை அறியா அழிவு: அன்வர் பாஷாவின் ‘ரைஃபிள் ரொட்டி அவுரத்’ நாவலும் 1971ஆம் ஆண்டுக் கிழக்கு வங்க இனவழிப்பும்

ஓர் அரசு தன் குடிமக்களையே பகைவராகக் கொண்டு படைநடத்தும்போது, அவ்வழிவை எழுதுவதற்கு இலக்கிய மரபில் என்ன இடம் உண்டு என்னும் வினாவை, 1971ஆம் ஆண்டுக் கிழக்கு வங்க நிகழ்வுகளைப் பொருளாகக் கொண்ட படைப்புகளின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். டாக்கா பல்கலைக்கழக வங்கமொழித்துறை ஆசிரியர் அன்வர் பாஷா எழுதிய ‘ரைஃபிள் ரொட்டி அவுரத்’ முதன்மை ஆதாரமாகவும், ஜஹனாரா இமாமின் நாட்குறிப்பு நூலும் ஆலன் கின்ஸ்பெர்க்கின் ‘செப்டம்பர் ஆன் ஜெசூர் ரோடு’ என்னும் கவிதையும் துணைமை ஆதாரங்களாகவும் கொள்ளப்படுகின்றன.

1970 டிசம்பர்த் தேர்தலில் அவாமி லீக் பெற்ற பெரும்பான்மையை ஏற்க மறுத்த பாகிஸ்தான் இராணுவ அரசு, 1971 மார்ச் 25ஆம் நாள் இரவு டாக்கா நகரின்மீது படையை ஏவியது. முதல் இலக்குகளுள் பல்கலைக்கழகமும் ஒன்று. சிறுபான்மை மாணவர் தங்கியிருந்த ஜகன்னாத் விடுதியில் மாணவர்கள் கொல்லப்பட்டனர். மெய்யியல் பேராசிரியர் கோவிந்த சந்திர தேவ் கொல்லப்பட்டார். சுடப்பட்ட ஆங்கிலத்துறை ஆசிரியர் ஜோதிர்மய் குஹதாகுர்தா மார்ச் 30இல் இறந்தார். அடுத்த ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை கடந்து மேற்கு வங்கம், திரிபுரா, அசாம், மேகாலயா ஆகிய பகுதிகளை அடைந்தனர். சுமார் 15 இலட்சம் மக்கள்தொகை கொண்ட திரிபுராவுக்குள் மட்டும் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் வந்தனர். இறந்தோர் தொகையை வங்கதேச அரசு 30 இலட்சம் என்கிறது. ஆய்வாளர் பலர் இதனினும் மிகக் குறைவாக மதிப்பிடுகின்றனர். ஆயினும் இனவழிப்பு என்பது எண்ணிக்கையால் அன்றி நோக்கத்தால் வரையறுக்கப்படுவது என்பதை இவ்விவாதத்தில் ஈடுபடுவோர் பலரும் மறந்துவிடுகின்றனர்.

நம் புறத்திணை மரபு இத்தகைய அழிவை எவ்வாறு காணும்? வஞ்சித்திணையில் ‘எரிபரந்தெடுத்தல்’ என்றொரு துறை உண்டு. ஊர் எரிக்கப்படுதல் அங்கு எரித்தவனின் வெற்றிச் செயலாகவே நிற்கிறது. ‘கொற்றவள்ளை’ பகைவர் நாட்டின் அழிவுக்கு இரங்குவதாயினும் அவ்விரக்கமும் வென்ற வேந்தனின் புகழுக்கே பயன்படுகிறது. ‘கையறுநிலை’ பெரும்பாலும் மாண்ட தலைவனைப் பாடுவது. பாரிமகளிர் பாடலாக வழங்கும் புறநானூற்றுப் பாடல் இவ்வெல்லையைச் சற்றே கடந்து, குன்றை இழந்தவரின் குரலைத் தருகிறது. ஆனால் அங்கும் படையெடுத்தவர் அயல்வேந்தர் மூவர். பறம்பை அழித்தது பாரியின் அரசு அன்று. தன் குடியின்மீது தானே வஞ்சி சூடும் வேந்தனுக்குத் தொல்காப்பியத்தில் திணை இல்லை. திணைக்கோட்பாடு எந்நாட்டு இலக்கியத்துக்கும் பொருந்தும் எனக் காட்டும் கட்டுரைகள் நம்மிடையே மலிந்துள்ளன. பொருந்தாத இடத்தைக் காட்டுவதும் ஆய்வே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சட்டத்திலும் இவ்வாறானதோர் இடைவெளி உண்டு. 1948ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் இனவழிப்புத் தடுப்பு உடன்படிக்கை தேசியம், இனக்குழு, இனம், சமயம் என்னும் நான்கு அடிப்படைகளையே கூறுகிறது. மொழி அப்பட்டியலில் இல்லை. 1952 பிப்ரவரி 21இல் வங்கமொழிக்காக டாக்காவில் மாணவர் உயிர்நீத்தனர். அந்நாளை 1999இல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. நம் துறைகளிலும் கொண்டாடப்படும் அந்நாளின் பின்னுள்ள மொழியடையாளத்தை அழிக்க முனைவது, அவ்வுடன்படிக்கையின் சொற்களில் நேரடியாக அடங்குவதில்லை. எனவேதான் 1971 குறித்த சட்ட வாதங்கள், இந்துக்கள் தனித்துக் குறிவைக்கப்பட்டமையைப் பெரிதும் சார்ந்து நிற்கின்றன.

அன்வர் பாஷா தம் நாவலை 1971 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில், படையின் பிடியிலிருந்த டாக்காவிலேயே இருந்து எழுதினார். டிசம்பர் 14இல் அல்-பதர் குழுவினர் அறிவாளர் பலரைக் கடத்திக் கொன்றபோது அவரும் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்துப் பாகிஸ்தான் படை சரணடைந்தது. நாவல் 1973இல் அச்சேறியது. ஆசிரியரின் இறப்பைக்கொண்டு நூலை மதிப்பிடும் வழக்கம் விமரிசனத்துக்கு உதவாது. நூலினுள் நின்றே காணவேண்டும்.

கதைத்தலைவன் சுதீப்தோ ஷாஹீன் பல்கலைக்கழக ஆங்கில ஆசிரியன். பெயரின் முற்பகுதி வடமொழி, பிற்பகுதி பாரசீகம். இப்பெயரே ஒரு வாதமாக அமைகிறது. சமயத்தால் ஒருமைப்படுத்த விரும்பிய அரசுக்கு இவ்விணைப்புப் பொறுக்கவியலாதது. மேலும் ஆசிரியரைப் போலவே இவனும் பிரிவினைக்குப் பின் மேற்கு வங்கத்திலிருந்து கிழக்கே வந்தவன். முஸ்லிம்களுக்குப் பாதுகாப்பான நாடு என்னும் வாக்கை நம்பி எல்லை கடந்தவனே அந்நாட்டின் படைக்கு அஞ்சி ஒளிகிறான். படுகொலை இரவுக்குப் பின் தன் இல்லத்தை விட்டு நண்பர் வீட்டில் தஞ்சம் புகும் பகுதிகள் நாவலின் வலுவான பகுதிகள் எனலாம். எல்லையைத் தாண்டாமலேயே, தான் பாடம் நடத்தும் நகரிலேயே ஒருவன் அகதியாகிறான்.

இவ்விடத்தில் நாம் பயன்படுத்தும் கலைச்சொற்களை மறுபரிசீலனை செய்தல் வேண்டும். ‘புலம்பெயர் இலக்கியம்’ என்னும் தொடர், பணிக்காகச் சென்றவரையும் துரத்தப்பட்டவரையும் ஒரே பெட்டியில் அடைக்கிறது. பெயர்தல் என்பது தன்வினை, துரத்தியவர் அச்சொல்லில் மறைந்துவிடுகிறார். ‘ஏதிலி’ என்பது அயலான் என்னும் பொருள்நிழலை உடையது. புகலிடம் தந்தோரின் பார்வை அதில் தங்கியிருக்கிறது. ‘அகதி’ வடசொல்லாயினும் கதியற்றமை என்னும் நிலையையே சுட்டுவதால் சுதீப்தோவைப் போன்று எல்லை கடவாதவருக்கும் பொருந்துகிறது. தனித்தமிழ் நோக்கில் இதனை விலக்குவோர் இவ்வேறுபாட்டையும் எண்ணுதல் தகும்.

நாவலில் குறைகளும் உள. பாத்திரங்கள் பலவிடங்களில் கட்டுரை வாசிப்பதுபோல் பேசுகின்றன. பாகிஸ்தான் அரசியலைக் குறித்த விளக்கங்கள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன. முடிவு தெரியாத நிலையில், அச்சேறுமா என்ற உறுதியும் இன்றி எழுதப்பட்டது என்பது இதற்கு விளக்கமாகலாம், சமாதானமாகாது. ஆனால் அதே நிலைமைதான் நூலுக்கு வேறெதிலும் இல்லாத தன்மையையும் தருகிறது. விடியலை எதிர்நோக்கி நாவல் முடிகிறது. வெற்றிக்குப் பின் எழுதப்பட்டிருந்தால் அம்முடிவு மரபான அலங்காரமாகியிருக்கும். ஜஹனாரா இமாமின் ‘ஏகாத்தரேர் தின்குலி’ 1986இல் நூலானது. ஆகஸ்டு இறுதியில் கைதாகித் திரும்பாத மகன் ரூமியைப் பற்றிய அந்நூலில், நாட்குறிப்பு வடிவமே பின்னைய அறிவை மறைத்துவைக்கிறது. பாஷாவுக்கோ மறைப்பதற்கு ஏதும் இல்லை.

தலைப்பின் மூன்றாம் சொல்லே பெரிதும் இடர்ப்படுத்துகிறது. படைவீரன் வேண்டுபவற்றின் பட்டியலில் துப்பாக்கி, ரொட்டி ஆகியவற்றோடு பெண்ணும் பொருளாக அடுக்கப்படுகிறாள். இது படைவீரனின் மொழியைச் சுட்டும் அங்கதம் என்பது தெளிவு. எனினும் பெண் அனுபவித்ததை நாவல் ஆணின் அதிர்ச்சியாகவே பெரிதும் பதிவு செய்கிறது. வன்கொடுமைக்கு உள்ளான பெண்டிருக்கு அரசு வழங்கிய ‘பீராங்கனா’, அதாவது வீரமங்கை, என்னும் பட்டமும் நாளடைவில் இழிவின் அடையாளமாயிற்று. அவர்தம் கூற்றுகள் நூலாக வெளிவர 1990களில் நீலிமா இப்ராஹிமின் தொகுப்பு வரை காத்திருக்க நேர்ந்தது.

எல்லைக்கு இப்பால் நிகழ்ந்ததைப் பாஷாவின் நூல் தொடவில்லை. அதனைக் கின்ஸ்பெர்க்கின் கவிதையில் காண்கிறோம். 1971 செப்டம்பரில் ஜெசூர் சாலையோர முகாம்களை நேரில் கண்டு, மழை, சேறு, பசி ஆகியவற்றினூடே இலட்சங்கள் என்னும் எண்ணைப் பல்லவிபோல் அவர் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறார். தம் நாட்டு அரசு பாகிஸ்தானுக்குத் துணைநின்றமையைக் கண்டிப்பது அக்கவிதையின் நேர்மை. எண்ணுக்குள் தனிமனிதர் கரைந்துபோவது அதன் வரம்பு. நம் கையறுநிலைப் பாடல்கள் ஒருவனைப் பெயர் சொல்லிப் பாடின. ஒரு கோடிப் பேருக்கு அவ்வாறு பாட வழியுண்டா என்பதற்கு இக்கவிதையில் விடை இல்லை.

இவ்விலக்கியப் பரப்பில் அரிதாகவே இடம்பெறும் மற்றொரு கூட்டமும் உண்டு. 1971 மார்ச்சிலேயே வங்காளியர் கூட்டங்களால் உருதுமொழியினர் பலர் கொல்லப்பட்டனர். போருக்குப் பின் எஞ்சியோர் டாக்காவின் முகம்மதுபூரிலுள்ள ஜெனீவா முகாம் முதலியவற்றில் நாடற்றோராய் வாழ்ந்தனர். குடியுரிமைக்குரியோர் என 2008இல் வங்கதேச உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை அவர்தம் நிலை தீரவில்லை. இவர்களுள் பலரும் பாஷாவைப் போன்றே இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பது இங்கு நோக்கத்தக்கது. சுதீப்தோவின் பயணத்தையும் இவர்தம் பயணத்தையும் அருகருகே வைத்து வாசிக்கும் ஆய்வு இனி மேற்கொள்ளப்படவேண்டிய ஒன்று.