கறுப்புக் கோட்டின் மேல் ஒரு குட்டி வண்டி

வெள்ளை ஃப்ளெக்ஸில் கறுப்பு இன்சுலேஷன் டேப். அதன்மேல் கோடு தொடரும் ரோபோ ஓடுவதைக் குனிந்து பார்ப்பது தனிச்சுகம். இடமும் வலமுமாகத் தலையாட்டிக்கொண்டே போகும். அதன் சென்சார் அனுப்பும் அகச்சிவப்பு ஒளியை வெள்ளை திருப்பியனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். வழி காண அதற்கு அவ்வளவு போதும். மஞ்சள் மோட்டாரின் ‘கிர்ர்’ வளைவில் தடித்து, நேர்க்கோட்டில் மெலிகிறது.

நெல்லை வெயில் ஜன்னல் வழியே விழுந்தால் சென்சாருக்குக் கண் கூசும். பள்ளி அடல் டிங்கரிங் ஆய்வகத்தில் பழகிய பிள்ளைகளின் கைப்பக்குவம் அப்போதுதான் தெரியும்: குட்டி ஸ்க்ரூடிரைவரால் சென்சாரின் திருகை மயிரிழை திருப்பி, ஓடவிட்டு, மறுபடி திருப்பி... “ஏட்டி, வேகத்தக் கொறை, வளைவுல வெளிய போயிரும்!” வண்டியின் அந்தத் தலையாட்டத்தை அடக்குவதில்தான் வித்தை. போட்டியில் முந்தி வரும் வண்டியைவிட அலையாமல் திரும்பும் வண்டியே எனக்குப் பிடிக்கும். நடுவர் கையில் இருப்பதென்னவோ ஸ்டாப்வாட்ச்தான்.