பூசணிக்காயைக் காட்டி எதை மறைக்கிறார்கள்?

டோக்கியோ, கியோட்டோ எல்லாம் பார்த்தாச்சு, ஜப்பானில் வேற என்ன இருக்குன்னு கேட்கிறவர்களுக்கு இப்போது கிடைக்கும் பதில் நவோஷிமா. செட்டோ உள்கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு படகுத்துறையின் நுனியில் யயோய் குசாமாவின் மஞ்சள் பூசணிக்காய் சிற்பம் உட்கார்ந்திருக்கிறது. 1994-இல் வைத்தது. 2021 புயலில் கடல் இழுத்துக்கொண்டு போனதும், அடுத்த வருஷமே புதிதாகச் செய்து அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். அந்த அளவுக்கு அது இந்தத் தீவுகளின் முகம்.

2010 முதல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கடல் பகுதியின் பல தீவுகளில் செட்டோச்சி கலைவிழா நடக்கிறது. படகில் போகணும், இறங்கி நடக்கணும், இல்லையென்றால் சைக்கிள் எடுத்து மேடு ஏறணும். ஊருக்குள் இருக்கும் மியூசியத்தில் அரை மணி நேரத்தில் ஐம்பது படங்களைத் தாண்டிவிடுகிறோம். இங்கே ஒரு படைப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு மணி நேரக் கடல் இருக்கலாம். பார்த்தது மனசில் இறங்க நேரம் கிடைக்கிறது. வெளியே சுற்றுவதையும் கலை பார்ப்பதையும் இப்படி ஒன்றாக்கியதுதான் இந்த விழாவின் பெரிய சாதனை என்பேன்.

ஆனால் என் கேள்வி வேறு. விழாவின் முழக்கமே 'கடலை மீட்பது'. எதனிடமிருந்து மீட்பது?

நவோஷிமாவின் வடக்கு முனையில் 1917 முதல் மிட்சுபிஷியின் தாமிர உருக்காலை இருக்கிறது. அதன் புகையில் சுற்றியிருந்த குன்றுகள் மொட்டையாயின. இனுஜிமாவில் 1909-இல் வந்த தாமிர ஆலை, விலை சரிந்ததும் பத்தே வருஷத்தில் மூடப்பட்டது. அதே 1909-இல் ஓஷிமாவில் தொழுநோயாளிகளை அடைத்துவைக்க ஒரு இல்லம் திறந்தார்கள். அவர்களைப் பிரித்துவைத்த சட்டம் 1996-இல்தான் நீங்கியது. நாடு தனக்கு வேண்டாததை எல்லாம் தள்ளிவிட்ட இடம் இந்தக் கடல். அப்படியென்றால் இங்கே வைக்கும் கலையை அழகை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது.

இனுஜிமா இந்தச் சோதனையில் தேறுகிறது. பாழடைந்த ஆலையை இடிக்காமல், அதன் புகைபோக்கியையே காற்றோட்டத்துக்குப் பயன்படுத்தி 2008-இல் மியூசியம் ஆக்கினார்கள். உள்ளே போகிறவர் ஆலையை மறக்கவே முடியாது. ஓஷிமா இன்னும் ஒரு படி மேலே. முதல் விழாவின்போது, கடலில் கிடந்த கான்கிரீட் மேசை ஒன்றைத் தூக்கிவந்து காட்சிக்கு வைத்தார்கள். இறந்துபோன நோயாளிகளின் உடல்களை அறுத்துப் பார்த்த மேசை அது. யாரும் செதுக்காத அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் பல சிற்பங்கள் நிற்கவே முடியாது.

சிக்கல் தெஷிமாவில். பெயருக்கு 'வளமான தீவு' என்று அர்த்தம். மண்புழு வளர்க்கிறோம் என்று 1978-இல் அனுமதி வாங்கிய ஒரு கம்பெனி, தீவின் மேற்கு முனையில் கார் உடைசல், கழிவு எண்ணெய், ரசாயனச் சகதி எல்லாவற்றையும் கொட்டி எரித்தது. மாவட்ட நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. 1990-இல் பக்கத்து மாவட்டப் போலீஸ் வந்து சோதனை போட்ட பிறகுதான் நின்றது. ஊர்க்காரர்கள் விடாமல் போராடி, 2000-இல் ஆளுநரை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். சுமார் 9 லட்சம் டன் கழிவையும் மாசுபட்ட மண்ணையும் கப்பலில் ஏற்றி முடிக்க 2017 ஆகிவிட்டது. எங்கே கொண்டுபோய் உருக்கினார்கள் தெரியுமா? பூசணிக்காய் இருக்கும் அதே நவோஷிமாவில்.

தெஷிமா கலை மியூசியம் இருப்பது தீவின் கிழக்குப் பக்கம். ரூயே நிஷிசாவா கட்டிய, தூணே இல்லாத கான்கிரீட் ஓடு. தரையின் நுண்துளைகளிலிருந்து நீர் கசிந்து, துளிகள் உருண்டு ஒன்றோடொன்று சேர்கின்றன. ரெய் நைட்டோவின் படைப்பு. சுற்றிலும் மறுபடி உழுது மீட்ட படிக்கட்டு வயல்கள். அபாரமான படைப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் சுத்தமான தண்ணீரைப் பற்றிய இந்தப் படைப்பு, நிலத்தடி நீர் கெட்டுப்போன அதே தீவில் இருக்கிறது என்பதை அங்கே வருகிறவர் தானாக உணர வழியே இல்லை. துறையில் சைக்கிள் எடுத்ததும் எல்லாரும் கிழக்கே திரும்புகிறார்கள். மேற்கே, கழிவு கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில், ஊர்க்காரர்களே வைத்திருக்கும் சின்ன ஆவணக் காட்சியகம் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகணும்.

இதற்கு ஒரு நியாயமான பதில் உண்டு. 'குப்பைத் தீவு' என்ற பெயரைச் சுமந்தது அந்த மக்கள்தான். அந்தப் பெயரால் அவர்கள் விளைவித்ததும் பிடித்ததும் விலைபோகவில்லை. இப்போது கலைத் தீவு என்று பெயர் மாறியிருக்கிறது, அதை ஏன் கிளறணும்? கலைஞரைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு நீர்த்துளியும் வழக்கு வாதாட வேண்டியதில்லை. ஆனால் வழித்தடம் போடுவது கலைஞர் இல்லை, விழாக்காரர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே பூசணிக்காயைக் காட்டியே மற்றதை மறைக்க முடிகிறது. போராட்டத்தைத் தொடங்கிய பெரியவர்களில் பலர் கடைசிக் கப்பல் கிளம்புவதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர்கள் போராடியிருக்காவிட்டால் இந்தத் தீவுக்கு மியூசியம் வந்திருக்குமா?

ஓஷிமாவில் செய்ய முடிந்ததைத் தெஷிமாவிலும் செய்யலாம். மேற்கு முனையையும் அதே வரைபடத்தில், அதே எழுத்தளவில் போட்டாலே போதும். அதுவரை, போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி, முதலில் மேற்கே போய்விட்டு அப்புறம் கிழக்கே போங்கள். அந்த நீர்த்துளிகள் வேறு மாதிரி தெரியும்.