நாலு ஓவரும் நாற்பது ஓவரும்

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று காலை சேப்பாக்கத்தில் தொடங்கி, அன்று மாலையே முடிந்துவிட்டது. மைசூர் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59. சென்னைக்கு இன்னிங்ஸ் வெற்றி. கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் வேகப்பந்து வீச்சாளர் எம்.ஜே. கோபாலன். ஆட்டத்தை முடித்துக்கொடுத்தவரோ ஏ.ஜி. ராம்சிங்; இடக்கைச் சுழல், ஒரே நாளில் 11 விக்கெட். அவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பின்னாளில் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார்கள். அப்பாவுக்கு அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றுகூட வாய்க்கவில்லை. சென்னை ஸ்பின்னர்களின் கதையில் இந்த மாதிரி வயிற்றெரிச்சல் அடிக்கடி வரும். வாசகர்கள் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த வயிற்றெரிச்சல் வி.வி. குமார். லெக் ஸ்பின்னர். ரஞ்சியில் 400 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். 1961இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடிய முதல் டெஸ்டிலேயே ஒரு இன்னிங்ஸில் 5 விக்கெட். மொத்தம் அவருக்குக் கிடைத்தது 2 டெஸ்ட். அவருக்குப் பின் வந்த வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடி 156 விக்கெட் எடுத்தார். இருபது வயது நிறைவதற்குள் டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக 72 ரன் கொடுத்து 8 விக்கெட் சாய்த்தவர். ஆனாலும் பேடி, சந்திரசேகர், பிரசன்னா என்று மூன்று பேர் கூட இருந்த காலம். ஆஃப் ஸ்பின்னுக்கு ஓர் இடம்தான் என்றால் பிரசன்னாவா வெங்கட்டா என்ற சண்டை பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவே தீராமல் ஓடியது.

இவர்களைச் சேர்த்து முதல் பள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். பாணி ஆளுக்கு ஆள் வேறு. வெங்கட் பந்தை அதிகம் மிதக்கவிட மாட்டார். உயரத்திலிருந்து வரும், நினைத்ததைவிட எகிறும். குமார் காற்றில் ஏமாற்றுகிறவர். ஆனால் இருவரையும் அளந்த கோல் ஒன்றே. ஒரு முனையை எவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்தார்? மதிய உணவுக்குப் பின் வந்த மூன்றாவது ஸ்பெல்லில் விரலில் சுழற்சி மிச்சம் இருந்ததா? கிட்டத்தில் நிற்கும் நான்கு பேரை நம்பி வீசினாரா, எல்லையில் நிற்பவர்களை நம்பி வீசினாரா? சென்னை லீக்கில் வங்கிகளும் கம்பெனிகளும் வேலை கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருந்த நாட்களில், ஒரு பையனை எடுக்கலாமா என்று கேட்டவர்கள் பார்த்தது இதைத்தான். விக்கெட் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

சுருக்க ஆட்டம் ஸ்பின்னைக் கொன்றுவிடும் என்ற பயம் ஐ.பி.எல்.லோடு பிறந்ததில்லை. ஒருநாள் ஆட்டம் வந்தபோதே அந்தப் பேச்சு இருந்தது. லெக் ஸ்பின் என்பது பணக்காரர் பொழுதுபோக்கு, ஐம்பது ஓவர் ஆட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். அதற்குப் பதில் சொன்னவரும் நம்மூர்க்காரர்தான். 1984இல் பம்பாய் டெஸ்டில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டை எடுத்த லட்சுமண் சிவராமகிருஷ்ணன், சில மாதங்கள் கழித்து ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் ஒருநாள் போட்டியில் கவாஸ்கரின் துருப்புச்சீட்டு ஆனார். மெல்போர்ன் இறுதிப் போட்டியில் பாகிஸ்தானின் ஜாவேத் மியான்தாத் நிலைத்து ஆடிக்கொண்டிருக்கிறார். சிவா பந்தை மேலே தூக்கிப் போடுகிறார், மியான்தாத் இறங்கி வருகிறார், விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பைத் தட்டிவிடுகிறார். ஒருநாள் ஆட்டத்தில் தைரியமாகப் பந்தைக் காற்றில் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இன்றும் காட்டக்கூடிய காட்சி அது. பிறகு சிவா 9 டெஸ்டோடு நின்றுபோனார். அதற்கு ஆட்ட வடிவத்தைக் குறை சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் 2003இல் கவுண்டிகள் தொடங்கிய இருபது ஓவர் ஆட்டம், 2008 ஏப்ரல் 18 அன்று பெங்களூரில் ஐ.பி.எல்.லாக இறங்கியது. முதல் இரவே மெக்கல்லம் 73 பந்தில் 158 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். இனி பந்துவீசுகிறவன் எதற்கு, இயந்திரத்தை வைத்துவிடலாமே என்று பேசினார்கள். அந்த ஆண்டு கோப்பையை வென்ற அணியின் தலைவர் யார் தெரியுமா? ஷேன் வார்ன், லெக் ஸ்பின்னர். அடுத்த ஆண்டு கேப்டவுனில் ராஜஸ்தானுக்கு எதிராக அனில் கும்ப்ளே 5 ரன்னுக்கு 5 விக்கெட். சென்னை அணியில் முரளிதரன் வீசிக்கொண்டிருந்தார். ஸ்பின் சாகவில்லை. அதன் வேலைதான் மாறியது.

எப்படி மாறியது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பழைய ஆஃப் ஸ்பின்னர், ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் தையல் மேல் அகட்டி வைத்து, பந்தை பேட்ஸ்மேனின் கண்மட்டத்துக்கு மேலே அனுப்புவார். அது ஸ்லிப் பக்கம் கொஞ்சம் நழுவி, எதிர்பார்த்த இடத்துக்கு ஓரடி முன்னாலேயே விழுந்து உள்ளே திரும்பும். பேட்ஸ்மேனை முன்னே இழுப்பதுதான் திட்டம். இருபது ஓவர் லீக் ஆட்டத்தில் அதே ஓரடி ஆறு ரன்னாகிவிடும். எல்லைக்கயிறு அறுபது, எழுபது மீட்டர் தள்ளித்தானே இருக்கிறது. எனவே புதிய ஸ்பின்னர் பந்தைக் கண்மட்டத்துக்குக் கீழே, மணிக்கு தொண்ணூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், நல்ல லெங்த்துக்கு சற்றுப் பின்னால் அடிக்கிறார். பேட்ஸ்மேனுக்குக் கை நீட்ட இடம் கொடுக்காமல் உடம்புக்குள் குத்துகிறார். ஷார்ட் லெக் கிடையாது, சில்லி பாயிண்ட் கிடையாது. லாங் ஆனும் டீப் மிட்விக்கெட்டும் உண்டு. 24 பந்தில் 25 ரன் கொடுத்து விக்கெட்டே எடுக்காவிட்டாலும் அன்று அவர் வென்றவர். மெய்டன் ஓவர் இருந்த இடத்தில் டாட் பந்து வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த இரண்டாவது பள்ளியின் தலைமாணவர் ரவிச்சந்திரன் அஸ்வின். தோனி புதுப்பந்தைக் கையில் கொடுத்துப் பவர்பிளேயில் வீசவைத்தார். உள்வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர் நிற்கும் நேரம் அது. 2011 ஐ.பி.எல். இறுதிப் போட்டி சேப்பாக்கத்தில். அந்தப் பருவம் முழுக்க எல்லோரையும் அடித்து நொறுக்கிய கிறிஸ் கெயில், அஸ்வினின் முதல் ஓவரிலேயே தோனியிடம் கேட்ச் கொடுத்து, ரன் ஏதும் எடுக்காமல் திரும்பினார். கோப்பை அங்கேயே பாதி வந்துவிட்டது. நடுவிரலை மடக்கிக் கட்டைவிரலோடு சேர்த்துச் சுண்டி வீசும் கேரம் பந்தை சென்னைத் தெரு ஆட்டத்தில் சொடக்கு பந்து என்பார்கள். டென்னிஸ் பந்தில் பையன்கள் செய்யும் வேடிக்கை அது. அஸ்வின் அதை டெஸ்ட் மைதானம்வரை கொண்டுபோனார். லீக்கில் பெயர் வாங்கி டெஸ்டுக்குப் போனவர், 537 டெஸ்ட் விக்கெட்டோடு 2024இல் ஓய்வு பெற்றார். டெஸ்டில் அவர் வீசியது லீக்கில் வீசிய பந்துகளை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டு கணக்குப் புத்தகங்களைத் தனித்தனியாக எழுதத் தெரிந்தவர் அவர்.

மூன்றாவது பள்ளியைத் திறந்தவர் டிரினிடாட்டின் சுனில் நரைன். கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பந்து. 2012இல் கொல்கத்தாவுக்காக 24 விக்கெட். நம் பக்கத்தில் அந்தப் பள்ளிக்கு வருண் சக்கரவர்த்தி. கட்டடக் கலை படித்தவர், முதலில் விக்கெட் கீப்பர், பிறகு மிதவேகம், முழங்கால் காயத்துக்குப் பிறகு மர்மச் சுழல். 2018இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரை அணிக்குக் கோப்பை; அந்த டிசம்பரிலேயே ஐ.பி.எல். ஏலத்தில் 8.4 கோடி. ஐ.பி.எல்.லில் வீசிய முதல் ஓவரில் 25 ரன் போனது. 2021 இருபது ஓவர் உலகக் கோப்பை சரியாகப் போகாமல் இந்திய அணியிலிருந்து மூன்று ஆண்டு வெளியே இருந்தார். திரும்பி வந்து, 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் மூன்றே ஆட்டங்களில் 9 விக்கெட். வி.வி. குமார் போன்றவர்கள் முதல்தர ஆட்டங்களில் காலம் முழுதும் வீசித் தேடிய வாசல், வருணுக்கு ரஞ்சிப் பக்கமே பெரிதாகப் போகாமல் திறந்தது. இதில் எரிச்சல்பட ஒன்றுமில்லை, திறமை திறமைதான். ஆனால் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரிந்துவிட்டது.

மேட்ச்-அப் என்றொரு விதி வேறு வந்திருக்கிறது. இடக்கை பேட்ஸ்மேன் நின்றால் இடக்கை ஸ்பின்னருக்கு ஓவர் கிடையாது, வலக்கையர் இருவர் நின்றால் ஆஃப் ஸ்பின்னரை ஒளித்துவைக்க வேண்டும். கணினி சொல்கிறது, தலைவர் கேட்கிறார். உள்ளே திரும்பும் பந்தை வைத்து வலக்கையரை எப்படி எடுப்பது என்பதுதான் வெங்கட்டும் பிரசன்னாவும் ஆயுள் முழுக்கப் படித்த பாடம். அந்தப் பாடத்தையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் எப்படி? என் கணக்கில், பவர்பிளேயைவிட, 2023இல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதியைவிட, ஸ்பின்னரை அதிகம் குறுக்கியது இந்த மேட்ச்-அப்தான்.

இதற்கெல்லாம் பிறகு 2024 அக்டோபரில் புனே டெஸ்ட் வந்தது. நியூசிலாந்து முதல் இன்னிங்ஸில் 259. பத்து விக்கெட்டையும் எடுத்தவர்கள் இரண்டு தமிழ்நாட்டு ஆஃப் ஸ்பின்னர்கள்: அஸ்வின் 3, வாஷிங்டன் சுந்தர் 7. வாஷிங்டன் பதினேழு வயதில் ஐ.பி.எல். பவர்பிளேயில் வீசிப் பெயர் வாங்கியவர். லீக்கின் பிள்ளை என்றே சொல்லலாம். 65 ரன்னில் நன்றாக நிலைத்திருந்த ரச்சின் ரவீந்திராவின் மட்டை விளிம்பைக் கடந்து திரும்பிய பந்து ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. ஏழில் ஐந்து பேர் போல்டு. ராம்சிங் காலத்து ஆட்கள் பார்த்திருந்தாலும் கைதட்டியிருப்பார்கள்.

அடுத்து நம்மவர்கள் ஆடப் போனார்கள். நியூசிலாந்தின் மிட்செல் சான்ட்னர் 53 ரன்னுக்கு 7 விக்கெட், இந்தியா 156. அந்த சான்ட்னர் பல பருவம் சென்னையின் மஞ்சள் சட்டையில் இருந்தவர். புனேயில் அவர் பெரிதாகத் திருப்பவில்லை, வேகத்தைத்தான் ஏற்றி இறக்கினார். விராட் கோலி 1 ரன்னில், தாழ்ந்து வந்த ஃபுல் டாஸை குறுக்கே வீசி போல்டு ஆனார். ஆட்டத்தில் சான்ட்னருக்கு 13 விக்கெட், இந்தியாவுக்கு 113 ரன் வித்தியாசத்தில் தோல்வி. 2012க்குப் பிறகு சொந்த மண்ணில் நாம் இழந்த முதல் தொடர் அது, முடிவில் 3-0.

லீக் ஆட்டம் ஸ்பின்னர்களைக் கெடுத்துவிட்டது என்பவர்கள் இந்த ஸ்கோர் கார்டை ஒருமுறை பார்க்கட்டும். சான்ட்னருக்கும் வாஷிங்டனுக்கும் லீக் கெடுதல் செய்யவில்லை. வேகத்தை மாற்றவும் அடி வாங்கிய அடுத்த பந்தை நிதானமாக வீசவும் கற்றுக்கொடுத்தது. கெட்டுப்போனது பேட்டிங். மென்மையான கையோடு பந்தைக் காலடியில் கொல்வது, பத்து ஓவர் ரன் வராவிட்டாலும் பதறாமல் நிற்பது, இறங்கி வந்து தரையோடு தள்ளி ஒரு ரன் எடுப்பது, இதெல்லாம் ஏலத்தில் விலைபோகாத சரக்கு. 2024இல் கொல்கத்தாவில் 262 ரன் இலக்கை பஞ்சாப் எட்டுப் பந்து மிச்சம் வைத்து எட்டிய நாட்டில், எந்த அப்பா தன் பையனிடம் தடுத்து ஆடு என்பார்?

லீக்குகள் கொண்டுவந்த நன்மையையும் மறைக்கக் கூடாது. சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்திலிருந்து பிரிஸ்பேன் டெஸ்டுக்குப் போன வழியில் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் இருந்தது. நத்தத்திலும் திருநெல்வேலியிலும் தொலைக்காட்சி வெளிச்சத்தில் ஆட்டம் நடக்கும் என்று இருபது ஆண்டு முன்பு யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் கணக்கு ஒன்று உறுத்துகிறது. தமிழ்நாடு மாநில அளவு இருபது ஓவர் கோப்பையை மூன்று முறை வென்றிருக்கிறது: 2006-07, 2020-21, 2021-22. ரஞ்சிக் கோப்பையை இரண்டே முறை: 1954-55, 1987-88. 2023-24 ரஞ்சியில் நாட்டிலேயே அதிக விக்கெட் எடுத்தவர் நம் அணித்தலைவர் சாய் கிஷோர், இடக்கைச் சுழல், 53 விக்கெட். அந்த அணி அரையிறுதியின் முதல் நாளே 146க்குச் சுருண்டு, மும்பையிடம் இன்னிங்ஸ் கணக்கில் தோற்றது. பந்து வீச ஆள் இருக்கிறது. கிரீஸில் நிற்கத்தான் ஆள் வேண்டும்.

புச்சிபாபு கோப்பையை 2023இல் மீண்டும் பல நாள் சிவப்புப் பந்து ஆட்டமாக எடுத்து நடத்தியது சரியான காரியம். இதைப் படிக்கும் கிளப் செயலாளர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு வருடத்தில் பாதி ஆட்டங்களையாவது இரண்டு நாள் ஆட்டமாக வையுங்கள். ஸ்பின்னருக்கு ஒரே முனையில் இருபது ஓவர் கொடுங்கள். கேரம் பந்தை ஆஃப் பிரேக் படிந்த பிறகு காட்டுங்கள். பேட்டிங் வலைப்பயிற்சியில் வாரம் ஒருநாள், தரையை விட்டுப் பந்து எழும்பினால் அவுட் என்று விதி போடுங்கள்.