உழைப்பாளர் சிலையும் அதன் காலமும்

சென்னை மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலை, சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் (1899–1975) படைப்பு. 1959 ஜனவரியில் நிறுவப்பட்டது. 'உழைப்பின் வெற்றி' என்றும் அழைக்கப்படும் இச்சிலையில் நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். கலைஞரின் பெருமைக்கும் அவர் வாழ்ந்த காலத்துக்கும் உள்ள உறவை அறிய இது நல்ல சான்று.

ராய் சௌத்ரி, அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1929 முதல் 1957 வரை சென்னை அரசு கலைப் பள்ளியின் முதல்வராக இருந்தார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் புதிய பாணிகளைத் தேடிச் சென்றார். ராய் சௌத்ரியோ உடலை உள்ளது உள்ளபடி வடிக்கும் முறையைக் கைவிடவில்லை. பாணியை மட்டும் வைத்து அளந்தால், அவர் காலத்துக்குப் பின்தங்கியவர்.

ஆனால் அவர் எதைப் பார்த்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். 1950கள் இயந்திரங்களைப் போற்றிய காலம். எண்ணூரில் மோட்டார் வாகனங்களும் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களும் உருவாகத் தொடங்கியிருந்தன. சிலையில் எந்த இயந்திரமும் இல்லை. முறுக்கேறிய உடல்களே உள்ளன. பெயரில் வெற்றி இருக்கிறது. பாறையோ இன்னும் பெயரவில்லை. வெற்றிக்கு முந்தைய கணத்தை, அதன் வலியை, சிற்பி தேர்ந்தெடுத்தார்.

துறைமுகத்தில் முதுகில் மூட்டை சுமந்த இராயபுரத்துத் தொழிலாளிக்கு இக்காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1983இல் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் வந்தது. சுமையின் பெரும்பகுதி கிரேன்களுக்கு மாறியது. சிலை பழையதாகிவிடவில்லை. 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய இந்நகரில், இன்றும் மே 1 அன்று தொழிற்சங்கத்தினர் அதற்கு மாலை அணிவிக்கின்றனர்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நால்வரில் ஒரு பெண்கூட இல்லை. காசிமேட்டில் மீன்கூடை சுமக்கும் பெண்களைக் கண்டவர்கள், இதை முழுமையான உழைப்பின் சித்திரம் என்று ஏற்க மாட்டார்கள். அக்காலத்தின் பார்வைக் குறை சிற்பியிடமும் இருந்தது.

எனவே, காலத்தை அப்படியே காட்டுபவர் மட்டும் பெரிய கலைஞர் ஆகிவிடுவதில்லை. காலத்திலிருந்து முற்றிலும் விலகி நிற்கவும் யாராலும் முடியாது. தன் காலம் பெருமிதத்தில் பார்க்க மறந்த ஒன்றையேனும் பார்த்து, பின்வருவோர் மறக்க முடியாதபடி நிறுத்துபவரே பெரிய கலைஞர். ராய் சௌத்ரி அதைச் செய்தார். அவர் பார்க்காமல் விட்டது, அடுத்த தலைமுறைக் கலைஞர்களுக்கான வேலை.