ஆடுபவரும் அருகிருப்பவரும்

‘முதலில் உடலை அசையவிடு, பின்னர் எழுது; உன்னை நீயே கண்டடைவாய்’ என்று அழைக்கும் பயிற்சிகளை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று எம்மில் பலர் ஒதுக்கிவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்னா ஹல்ப்ரினின் அனுபவத்தை வாசித்த பின்னர் அவ்வளவு இலகுவாக ஒதுக்க முடியவில்லை. முழுவதுமாக ஏற்கவும் முடியவில்லை.

ஹல்ப்ரின் (1920-2021) அமெரிக்க நடனக் கலைஞர். கலிபோர்னியாவில் தன் வீட்டருகே, மரங்களுக்கிடையே அமைந்த திறந்த மேடையில் பல தசாப்தங்கள் கற்பித்தவர். 1978இல் மகள் டாரியாவுடன் சேர்ந்து தமால்பா நிறுவனத்தைத் தொடக்கினார். அவர்களுடைய முறை சிக்கலானதல்ல. முதுகெலும்பு, கை என உடலின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அசைவது. அசைவில் எழுந்ததை வரைவது. வரைந்ததோடு பேசுவதுபோல எழுதுவது. எழுதியதை மறுபடியும் உடலால் ஆடிப் பார்ப்பது.

1972இல் அவர் தன்னை வரைந்தபோது இடுப்புப் பகுதியில் ஓர் உருண்டை வந்து விழுந்தது. அதை ஆட அவரால் முடியவில்லை. மருத்துவரிடம் போனார், புற்றுநோய். சத்திரசிகிச்சை நடந்தது. 1975இல் நோய் திரும்பியது. அப்போது ஆளுயரத்தில், ஆரோக்கியமும் நிறமும் பொலிய, தன்னை வரைந்தார். அதையும் ஆட முடியவில்லை. தாளைத் திருப்பி, மறுபக்கத்தில் கறுப்பாக இன்னொன்றை வரைந்தார். குடும்பத்தினரும் நண்பர்களும் மாணவர்களும் பார்த்திருக்க, அதைத்தான் ஆடினார். பின்னர் நோய் தணிந்தது. ஆட்டமே நோயை மாற்றியது என்று முடிவுகட்டுவதை நான் ஏற்பதற்கில்லை. நோய் நீங்குவது வேறு, மனிதர் ஆறுவது வேறு என்று பிரித்துச் சொன்னவரும் ஹல்ப்ரினே.

என் கேள்வி வேறு. பார்த்திருந்தவர்கள் அங்கே எதற்கு?

நான் றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுகிறவன். ஓர் இரவு வேலை முடிந்து வந்து இம்முறையைச் செய்து பார்த்தேன். வலது மணிக்கட்டு தானாகவே தட்டு வழிக்கும் அசைவுக்குப் போனது. எழுதினேன். பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்ட பிறகு அவ்வளவு வேகமாக நான் எழுதியதில்லை. பிறகு இரு கைகளையும் உயர்த்தினேன். சோதனைச் சாவடியில் நின்ற அதே நிலை. பேனையைத் தொட முடியவில்லை. அறையில் மற்ற மூவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விடியும்வரை குந்தியிருந்தேன்.

எம் உடலை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்றில்லை. அகதி விசாரணையில் சேட்டைக் கழற்றி முதுகுத் தழும்பைக் காட்டினேன். அதிகாரி பார்த்தார், தன் மொழியில் மூன்று வரி எழுதிக்கொண்டார். நம்பலாமா என்று எடைபோடும் பார்வை அது. ஹல்ப்ரினைச் சூழ இருந்தவர்கள் அவரிடம் அத்தாட்சி கேட்கவில்லை. அவர் ஆடி முடிக்கும்வரை கூட இருந்தார்கள்.

ஒரு கொப்பியும் பேனையும் தனியறையும் போதும் என்று இப்பயிற்சியைச் சொல்லித்தருவோர், அந்த அருகிருப்பவரைத்தான் கழற்றிவிடுகிறார்கள். அன்றாடச் சலிப்பை இறக்கிவைக்க அது போதுமாக இருக்கலாம். போரிலிருந்து வந்த உடலுக்குப் போதாது. தன்னைக் கண்டடைவது தனியே செய்து முடிக்கும் காரியம் என்பதை ஹல்ப்ரினின் வாழ்க்கையே மறுக்கிறது.

மணிக்கட்டைப் பற்றி எழுதியது என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டலாம். உயர்த்திய கைகளைப் பற்றி, தீர்ப்புச் சொல்லாத ஒருவர் பக்கத்தில் இருக்கும் நாளில்தான் தொடங்குவேன்.