ஆங்கில முன்னிடைச்சொற்களும் நம் இலக்கண நூல்களும்

ஆங்கிலக் கட்டுரைத் தாள்களைத் திருத்தும் ஆசிரியர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. வினைச்சொல்லின் கால வடிவங்களில் நேரும் வழுக்கள் மாணவன் மேல்வகுப்புகளுக்கு ஏற ஏறக் குறைகின்றன. எழுத்துப் பிழைகளும் அவ்வாறே குறைகின்றன. முன்னிடைச்சொற் பிழைகளோ எளிதில் நீங்குவதில்லை. பட்டம் பெற்றோர் வரையும் விண்ணப்பங்களிலும் அவை தலைகாட்டுகின்றன. இதற்கு மாணவரின் கவனக்குறைவைக் காரணமாகக் கூறிவிடுவது நம்மிடை வழக்கமாயிற்று. ஒரே இடத்தில் ஒரே வகையாகப் பலர் வழுவுவராயின் அதனைக் கவனக்குறைவு என்றல் பொருந்தாது. அது கற்பித்த முறையின் குறை எனவே கொள்ளல் வேண்டும். அக்குறை யாது, அதில் நாம் நெடுங்காலம் கைக்கொண்ட நூல்களின் பங்கு யாது என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

‘அற்’, ‘இன்’, ‘ஒன்’, ‘ரு’, ‘ஒவ்’, ‘வித்’ முதலிய சிறுசொற்களையே முன்னிடைச்சொல் என்கிறோம். பெயருக்கும் வாக்கியத்தின் பிற சொற்களுக்கும் இடையேயுள்ள தொடர்பை இவை காட்டுகின்றன. தமிழில் இத்தொழிலைப் பெயரின் பின்னே வரும் வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் புரிகின்றன. பழைய ஆங்கிலத்திலும் பெயர்கள் வேற்றுமை விகுதிகளை ஏற்றன. இடைக்கால ஆங்கிலத்தில் அவ்விகுதிகள் பெரும்பாலும் தேய்ந்தொழிந்தன. அவை சுமந்த சுமையின் பெரும்பகுதி முன்னிடைச்சொற்களின் தலைமேல் ஏறிற்று. ஆகவே இச்சிறுசொற்களைச் சில்லறைச் சொற்கள் எனத் தள்ளுதல் இயலாது. ஆங்கில வாக்கியத்தின் மூட்டுகள் இவையே.

நம் மாணவன் இவற்றை எவ்வாறு கற்கிறான்? ‘இன்’ என்றால் ‘இல்’, ‘ஒன்’ என்றால் ‘மேல்’, ‘ரு’ என்றால் ‘கு’, ‘ஃபிறொம்’ என்றால் ‘இடமிருந்து’ எனக் கீழ்வகுப்பில் ஓர் அட்டவணை மனத்திற் பதிகிறது. பின்னர் அவன் எழுதுவனவெல்லாம் அவ்வட்டவணைக்கு இயைந்தனவே. ‘என்மேற் கோபம்’ என்பது தமிழ். ஆகவே ‘ஆங்கிறி ஒன் மீ’ என எழுதுகிறான். ஆங்கிலேயரோ அவ்விடத்தில் ‘வித்’ என்பர். ‘கணிதத்திற் கெட்டிக்காரன்’ என்பது ‘குட் இன்’ ஆகிறது. அவர்கள் வழக்கு ‘குட் அற்’. ‘ஆசிரியரிடம் கேட்டேன்’ என்பதில் ‘இடம்’ இருப்பதால் ‘ஆஸ்க்ட்’ என்பதன் பின் ‘ஃபிறொம்’ வந்து புகுகிறது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பது ‘டிஸ்கஸ்’ என்பதன்பின் ‘எபவுற்’ என்பதைக் கொண்டுவருகிறது. இத்தகைய பிழை ஒவ்வொன்றினுள்ளும் வழுவற்ற தமிழ் வாக்கியம் ஒன்று இருக்கக் காணலாம். மாணவன் அறியாமையினால் வழுவவில்லை. தான் நன்கு அறிந்ததனையே வேற்றிடத்தில் வைத்துவிட்டான்.

அட்டவணையின் பொய்ம்மையை அறிய வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. காலங் குறிக்கும் சொற்களே போதியன. ‘ஐந்து மணிக்கு வந்தான்’, ‘திங்கட்கிழமை வந்தான்’, ‘ஆனி மாதத்தில் வந்தான்’ என மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். மணி நான்காம் வேற்றுமையை ஏற்கிறது. மாதம் ஏழாம் வேற்றுமையை ஏற்கிறது. கிழமையோ உருபு எதனையும் வேண்டாது நிற்கிறது. வேண்டுமாயின் ‘அன்று’ என ஒரு சொல் உடன் வரும். ஆங்கிலத்திலும் மணிக்கு ‘அற்’, கிழமைக்கு ‘ஒன்’, மாதத்திற்கு ‘இன்’ என மூன்று இடங்களில் மூன்று சொற்கள் வருகின்றன. தமிழ்க் குழந்தை எதுவும் ‘ஐந்து மணியில் வந்தான்’ என்று சொல்வதில்லை. மணிக்கு மட்டும் ‘கு’ உருபு ஏன் என நம்மை எவரும் வினவியதுமில்லை. வினவினால் விடைகூறல் எளிதுமன்று. எனினும் அதே மாணவன் ஆங்கிலத்தில் இம்மூன்றையும் கண்டவுடன், “இம்மொழிக்கு ஒரு நியதியுமில்லை” என்று வெறுத்துக் கூறுகிறான். தன் தாய்மொழியில் அதே வேறுபாட்டை நாடோறும் பிழையின்றி ஆளுகிறான் என்பதை அவனுக்கு எடுத்துக்காட்டும் இலக்கண நூல் எதனையும் யான் கண்டதில்லை.

இனி, நம் இலக்கணகாரர் இதனைக் கண்டிலரோ எனின், நன்கு கண்டனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலை அடுத்து வேற்றுமை மயங்கியல் என ஓரியல் தனியே அமைந்துள்ளது. அச்சப் பொருள்படும் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் உரியன என்று அவ்வியல் விதிக்கிறது. பழியை அஞ்சினான் எனினும் பழியின் அஞ்சினான் எனினும் பொருள் ஒன்றே. இன்று நாம் பழிக்கு அஞ்சினான் என நான்காம் வேற்றுமையையும் வழங்குகிறோம். அச்சம் எங்கும் ஒன்றாயிருக்க உருபுகள் மூன்றாயின. ஆங்கிலேயர் அவ்விடத்தில் ‘ஒவ்’ என்பதைத் தேர்ந்துகொண்டனர், அவ்வளவே. ‘டிஃபறன்ற்’ என்பதன்பின் ‘ஃபிறொம்’ வருமோ ‘ரு’ வருமோ என அவர்களே தமக்குள் வாதிட்டுக்கொள்வதும் நம் உருபு மயக்கம் போன்றதொன்றே. இடைச்சொற்கள் தாமாகத் தனித்து இயங்காது பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்குவன என்பது தொல்காப்பியர் கொள்கை. முன்னிடைச்சொல்லைத் தனியே நிறுத்திப் பொருள் கூறும் வழக்கத்துக்கு இதனிலும் சிறந்த மறுப்பு வேண்டுமோ?

இவ்வளவையும் மனத்திற்கொண்டு, நம் பாடசாலைகளிற் பல தலைமுறையாகப் பயின்றுவந்த றென், மார்ட்டின் என்போரின் இலக்கண நூலை நோக்குவோம். அந்நூலின் சிறப்புகளை யான் மறுப்பவனல்லன். வாக்கியப் பகுப்பிலும் வினைமுடிபுகளிலும் அது தந்த பயிற்சி பெரிது. முன்னிடைச்சொற்களைச் சார்பு சொற்களோடு கற்கவேண்டும் என்பதையும் அதன் ஆசிரியர்கள் அறிந்தே இருந்தனர். அதற்கெனப் பட்டியல்கள் வகுத்துத் தந்துள்ளனர். ஆனால் அப்பட்டியல்கள் தலைகீழாக உள்ளன. ‘ஃபோர்’ என்பதை ஏற்கும் பெயர்கள் இவை, ‘ரு’ என்பதை ஏற்கும் பெயரெச்சங்கள் இவை என முன்னிடைச்சொல்லைத் தலைப்பாக்கி அதன்கீழ்ப் பிறசொற்களை அகரவரிசையில் அடுக்கியிருக்கின்றனர். எழுத முற்படும் மாணவனோ முன்னிடைச்சொல்லிலிருந்து தொடங்குவதில்லை. ‘டிப்பென்ட்’ என்ற வினை அவன் கையில் இருக்கிறது; அதன்பின் வருவது யாது என்பதே அவன் ஐயம். அவ்வினை எந்தத் தலைப்பின்கீழ் உள்ளது என அறிந்தவனுக்கே அப்பட்டியலில் அதனைக் காணமுடியும். அறிந்தவனுக்குப் பட்டியல் எதற்கு?

தொல்காப்பியரும் உருபின்கீழேயே வினைகளை அடுக்கினார் அல்லரோ என ஒருவர் வினவலாம். ஆம், காப்பு, ஒப்பு முதலியவற்றை இரண்டாம் வேற்றுமையின்கீழ் வைத்தார். அவர் தமிழ் பேசுவார்க்குத் தமிழின் இயல்பை விளக்கினார். தமிழ் அறியாதவனைத் தமிழ் எழுதச் செய்வது அந்நூலின் நோக்கமன்று.

கீறிட்ட இடங்களை நிரப்புக என்னும் பயிற்சி இன்னும் கேடு பயப்பது. சேர்ந்து கற்கவேண்டிய இரண்டைப் பிரித்து, ஒன்றை மறைத்து, ஊகித்து எழுதும்படி அது கேட்கிறது. ஊகிக்கும் மாணவன் அட்டவணையையே நாடுவான். அதனினும் பெரிய குற்றம் ஒன்றுண்டு. ‘டிஸ்கஸ்’, ‘என்ரர்’, ‘றீச்’, ‘மறி’, ‘ஆன்சர்’ என்னும் வினைகள் அவற்றின் பொதுவழக்கில் முன்னிடைச்சொல் வேண்டாதன. அறைக்குள் நுழைந்தான், யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்ந்தான், கேள்விக்கு விடையளித்தான் என்று தமிழில் எண்ணும் மாணவன் இவற்றின்பின் ஏதேனும் ஒன்றைச் செருகவே முற்படுவான். ஒரு சொல் வாராமையைக் கீறிட்ட இடத்தைக் கொண்டு கற்பிப்பது எங்ஙனம்? கீறு இருந்தால் அங்கே ஏதோ வரவேண்டும் என்பதே அதன் பொருள். நம் மாணவர் மிகுதியாக வழுவும் இவ்விடம் அப்பயிற்சியின் கண்ணுக்கே அகப்படுவதில்லை.

இக்குறையை நீக்கும் கருவி நமக்குக் கிட்டாத ஒன்றன்று. ஹோண்பி என்பார் யப்பானிலே ஆங்கிலம் கற்பித்தபோது பிறமொழி மாணவர்க்கெனத் தொகுத்த அகராதி 1942ஆம் ஆண்டு தோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் அதனை மறுபடி வெளியிட்டது. ஒவ்வொரு சொல்லின்கீழும் அதனோடு இயங்கும் முன்னிடைச்சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டுவது அவ்வகை அகராதியின் நெறி. ‘லிசின்’ என்ற வினை ‘ரு’ என்பதை வேண்டும், ‘ஹியர்’ என்பது ஓசையைக் கேட்டல் என்ற பொருளில் எதனையும் வேண்டாது என்பது அங்கே ஒரு நொடியிற் புலனாகும். தமிழில் இரண்டும் ‘கேள்’ என்பதே. இன்று அவ்வகை அகராதிகள் கைப்பேசியிலும் உள்ளன. மாணவர் அவற்றிலே தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகின்றனர் என்பது வேறு கதை.

இடப்பொருளையும் விளக்கங் கூறாது மனனஞ் செய்விக்க வேண்டுமோ எனின், அன்று. சந்தியில் நின்றான், தெருவிற் கிடந்தது, பெட்டியில் இருந்தது என்பவற்றுக்குப் புள்ளி, பரப்பு, கொள்கலம் என விளக்கம் கூறலாம். மேசையும் பெட்டியும் கொண்டு ஒரு பாடவேளையிற் காட்டிவிடலாம். நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகள் கூறியமையை நினைவூட்டினால் மாணவர் மலைப்பும் சிறிது தணியும். கோபத்துக்கும் கெட்டித்தனத்துக்கும் இவ்விளக்கத்தை நீட்டுவதே தவறு.

முன்னாளில் ஆங்கிலம் போதனாமொழியாக இருந்தபோது சரித்திரமும் பூமிசாத்திரமும் அம்மொழியிலேயே கற்ற மாணவர், எவரும் கற்பியாமலே இச்சேர்க்கைகளைக் காதாற் கேட்டுப் பழகினர். போதனாமொழி தமிழான பின், அது செய்யத்தக்கதே எனினும், அக்கேள்வி வாய்ப்பு நீங்கிற்று. ஆங்கிலம் வாரத்துக்குச் சில பாடவேளைக்குரிய ஒரு பாடமாயிற்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதனை இணைப்பு மொழி என்று கூறுகிறது. தமிழர் சிங்களருக்கும் உலகுக்கும் எழுதும் கடிதம் பெரும்பாலும் அம்மொழியிலேயே செல்கிறது. அக்கடிதத்தை எழுத வேண்டியவனோ, எங்கே எந்தச் சிறுசொல் தன்னைக் காட்டிக்கொடுக்குமோ என அஞ்சி, மூன்று சொல் வாக்கியங்களிலே ஒதுங்கிவிடுகிறான். சொல்லவேண்டிய கருத்து அவனிடம் இருந்தும் வெளிவாராது போகிறது. இழப்பு அதுவே, புள்ளிகள் இரண்டாவதே.

திருத்தும் முறையையும் மாற்றல் வேண்டும். ‘ஆங்கிறி ஒன்’ என எழுதியவனின் தாளில் நாம் ‘ஒன்’ என்பதைமட்டும் வெட்டி மேலே ‘வித்’ என எழுதுகிறோம். அவன் கண்ணுக்கு அகப்படுவது ‘ஒன்’ பிழை, ‘வித்’ சரி என்பதே. அடுத்த கட்டுரையில் ‘டிப்பென்ட் வித்’ என எழுதி வருகிறான். சிவப்பு மையாற் சுற்றுவதாயின் இரண்டு சொற்களையும் ஒன்றாகச் சுற்றுக. சொற்கொப்பியில் ‘டிப்பென்ட்’ எனத் தனியே எழுதுவதை ஏற்காது, ‘டிப்பென்ட் ஒன்’ என்றே எழுதுவிக்க. ‘டிஸ்கஸ்’ என்பதன் பக்கத்திற் சிறு குறுக்குக்கோடு ஒன்று இடுவிக்க.