முத்துச் சல்லடையும் விண்மீன் கணக்கும்

முத்துக்குளித்த நாள்களில், சிப்பியை அழுகவிட்டு, அலசி, முத்தை எடுத்ததும் அடுத்த வேலை சலிப்பதுதான். வெவ்வேறு அளவில் துளையிட்ட பித்தளைச் சல்லடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முங்கியவர் பனிமய மாதாவை வேண்டிக்கொண்டு இறங்கினாரா, தொழுதுவிட்டு இறங்கினாரா என்று சல்லடை கேட்பதில்லை. 1961-க்குப் பின் தூத்துக்குடியில் பெரிய குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும், கடவுளையும் பிரபஞ்சத்தையும் பற்றி அறிவியலாளர் கொண்ட கருத்துகளை நினைக்கையில் எனக்கு அந்தச் சல்லடைதான் கண்முன் நிற்கிறது.

அவர்களுக்குள் நான்கு நெறிகளைக் காணலாம்.

முதலாவது, அறிவை அருளாகக் கொள்வது. கணித மேதை இராமானுஜன் தம் சூத்திரங்களை நாமக்கல் நாமகிரித் தாயார் தந்தவை என்றார். நம் மன்னார் வளைகுடாக் கரையிலேயே இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும் இறைநம்பிக்கையோடு ராக்கெட் செய்தவர்; தும்பாவில் அவர் பணி தொடங்கியதே ஒரு தேவாலயக் கட்டடத்தில்தான்.

இரண்டாவது, இயற்கையின் ஒழுங்கையே இறையாகக் காண்பது. மனிதரின் வினைகளைக் கணக்கெடுக்கும் கடவுளை ஏற்காமல், மெய்யியலாளர் ஸ்பினோசா சொன்ன கடவுளையே நம்புவதாக ஐன்ஸ்டைன் 1929-ல் அறிவித்தார்.

மூன்றாவது, மறுப்பு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார்.

நான்காவது, இரண்டையும் தனித்தனியே வைப்பது. விரியும் பிரபஞ்சத்தை 1927-ல் முன்வைத்த லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. அந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றாக 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் எடுத்துப் பேசியது அவருக்கு உவப்பாக இல்லை.

நெறி நான்கானாலும் சல்லடை ஒன்றுதான். நாமகிரித் தாயாரை நம்பாத கணித அறிஞர் ஹார்டி, இராமானுஜனின் கணக்கைப் போற்றினார். அதே ஹார்டிதான் பகா எண்கள் பற்றிய அவர் கூற்றுகளில் பிழை இருந்ததையும் சொன்னார். 1930-ல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் சந்திரசேகர் போட்ட கணக்கு, வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்று காட்டியது; அது சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று பின்னர் உறுதியானது. பக்தியுள்ள குவேக்கர் கிறித்தவரான வானியலாளர் எடிங்டன் 1935-ல் அதை வானியலாளர் கூட்டத்திலேயே மறுத்தார். தீர்ப்புச் சொன்னவை விண்மீன்கள். எடிங்டனின் பக்தி அவர் வாதத்தைக் காக்கவில்லை. சந்திரசேகரின் நாத்திகம் அவர் கணக்கைக் கெடுக்கவும் இல்லை. தொழுகை தவறாத அப்துஸ் சலாமும் இறைமறுப்பாளரான வெயின்பர்க்கும் தனித்தனியே ஒரே இயற்பியல் கொள்கையை அடைந்து, 1979-ல் கிளாஷோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

முத்துக்குளித்த அதே கரையில், பெயரிலேயே முத்தைக் கொண்ட முத்தாரம்மன் தசராவுக்கு வேடம் கட்டி ஊர் திரளும் குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28-ல் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டாம், எரிபொருள் மிச்சம். நாளை அந்தத் தளத்துக்கு அம்மனுக்கு வேடம் கட்டிய வீட்டுப் பிள்ளையும் வரட்டும், எதையும் வேண்டாத பிள்ளையும் வரட்டும். அந்தப் பாதைக்கான கணக்கை இருவரும் ஒன்றுபோலத்தான் போட்டாக வேண்டும்.